கட்டி முடித்த கடன், கட்டாத 186 ரூபாய்: கிரெடிட் ரிப்போர்ட் குறித்து உங்கள் கேள்விகள்

போன இதழில் வீட்டுக் கடன் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: 'என் சிபில் ரிப்போர்ட்டில் தப்பாக இருக்கிறது, யார் திருத்துவார்கள்?' நாம் வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் தொகுத்துக் காட்டுவதுதான் கிரெடிட் ரிப்போர்ட். அதைத் தொகுக்கும் கடன் தகவல் நிறுவனங்களில் (சுருக்கமாக, கிரெடிட் நிறுவனங்கள்) ஒன்றுதான் சிபில். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பெயர், ஊர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, கேள்விகளை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 2022-இல் வாங்கிய தனிநபர் கடனை 2023 நவம்பரில் மொத்தமாகக் கட்டி முடித்தேன். வங்கி என்.ஓ.சி.யும் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) கொடுத்தது. இப்போது வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால், பழைய கடன் இன்னும் நடப்பில் இருக்கிறது, 186 ரூபாய் பாக்கி, தவணை தவறியிருக்கிறது என்று காட்டுவதாகச் சொல்லி நிராகரித்துவிட்டார்கள். பழைய வங்கியில் கேட்டால் 'எங்கள் சிஸ்டத்தில் குளோஸ் ஆகிவிட்டது, சிபிலிடம் பேசுங்கள்' என்கிறார்கள். சிபிலில் கேட்டால் 'வங்கி சொன்னால்தான் மாற்றுவோம்' என்கிறார்கள். 186 ரூபாய்தானே, கட்டித் தொலைத்துவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். தொகை சின்னது என்பதால் வரும் யோசனை இது, ஆனால் இதில் பெரிய சிக்கல் இருக்கிறது. இன்று நீங்கள் அந்த 186 ரூபாயைக் கட்டினால், வங்கியின் பதிவில் கடன் இந்த மாதம்தான் முடிந்ததாக ஏறும். அப்படியென்றால் 2023 டிசம்பரிலிருந்து இன்று வரை நீங்கள் பாக்கி வைத்திருந்தது உண்மை என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த என்.ஓ.சி. கையில் இருக்கும்போது எதற்காக அதை ஒப்புக்கொள்ள வேண்டும்?

இந்த 186 எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் இது அடிக்கடி நடப்பது. கடனை முன்கூட்டியே முடிக்கப் போனால் குறிப்பிட்ட தேதி வரைக்கும் வட்டி போட்டு ஒரு தொகை சொல்வார்கள். நீங்கள் அந்தத் தேதியில் காசோலை கொடுத்திருப்பீர்கள், அது கணக்கில் ஏற இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும், அந்த நாள்களுக்கான வட்டி மட்டும் கணக்கில் தொங்கிக்கொண்டு நின்றிருக்கும். கிளையில் இருப்பவர் கடன் முடிந்தது என்று என்.ஓ.சி. கொடுத்துவிட்டார், தலைமை அலுவலகக் கணினியோ கணக்கை மூடவில்லை. அந்தக் கணினிதான் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்புகிறது. முன்பு மாதம் ஒரு முறை போய்க்கொண்டிருந்த தகவல் 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்று ஆகிவிட்டது, ஆக உங்கள் மீதான தப்பான தகவலும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் கடன் கணக்கு இருக்கும் பக்கத்துக்குப் போங்கள். அடியில் கட்டம் கட்டமாக ஒரு பட்டை இருக்கும், கடைசி 36 மாதங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இலக்கம். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். என்று இருந்தால் அந்த மாதம் வங்கி எதுவும் தெரிவிக்கவில்லை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போனால் எத்தனை நாளாகப் பணம் வரவில்லை என்று வங்கி சொல்கிறது என்று அர்த்தம், 90 நாளைத் தாண்டினால் வங்கி அதை வாராக்கடனாகவே வகைப்படுத்திவிடும். உங்களுக்கு வீட்டுக் கடன் மறுத்தவர் 186 ரூபாயைப் பார்த்து மறுக்கவில்லை, இந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் மறுத்திருப்பார். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பலர் புகார் கொடுத்து, கணக்கின் நிலை 'மூடப்பட்டது' என்று மாறியதும் நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறார்கள், கட்டங்களில் இருக்கும் 091 அப்படியே கிடக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி நிராகரிப்பு. எனவே உங்கள் புகாரில் மூன்று திருத்தங்களைக் கேளுங்கள்: கணக்கின் நிலையும் மூடிய தேதியும், பாக்கித் தொகை, 2023 நவம்பருக்குப் பிறகான எல்லா மாதக் கட்டங்களும்.

சரி, யாரிடம் போவது? இரண்டு பேரிடமும், ஒரே நாளில், எழுத்தில். சிபில் உங்களிடம் சொன்னது பொய் இல்லை, கடன் கொடுத்தவர் உறுதிசெய்யாமல் அவர்களாக ஒரு எண்ணைக்கூட மாற்ற முடியாது, கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடவில்லை. உங்கள் புகாரை வாங்கி, வங்கிக்கு அனுப்பி, பதில் வாங்கி, 30 நாளுக்குள் முடித்துத் தர வேண்டியது அவர்கள் கடமை. அந்த 30-இல் வங்கிக்கு 21 நாள், மீதி கிரெடிட் நிறுவனத்துக்கு. 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி, 30 நாளைத் தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். 21 நாளுக்குள் வங்கி சரியான தகவலை அனுப்பவில்லை என்றால் வங்கி தர வேண்டும், வங்கி அனுப்பியும் கிரெடிட் நிறுவனம் மாற்றவில்லை என்றால் அந்த நிறுவனம் தர வேண்டும். புகார் தீர்ந்த ஐந்து வேலை நாளுக்குள் அந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வர வேண்டும். 100 ரூபாய் பெரிய பணம் இல்லைதான், ஆனால் நாள் கணக்கு ஓடுகிறது என்று தெரிந்தால் மேஜையில் கிடக்கும் காகிதம் நகர்கிறது. அதனால் புகாரிலேயே உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் மின்னஞ்சலையும் கொடுத்துவிடுங்கள்.

கிளைக்கு நேரில் போய் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதில் பயனில்லை. அங்கே இருப்பவர் நல்லவராகவே இருப்பார், 'பார்த்துக்கறேன் சார்' என்று மனதாரச் சொல்லவும் சொல்வார், ஆனால் நாளை நீங்கள் சொன்னதற்கு எந்த அத்தாட்சியும் இருக்காது. வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கும் நோடல் அதிகாரிக்கும் (புகார்களுக்குப் பொறுப்பானவர்) மின்னஞ்சல் அனுப்புங்கள், புகார் எண் வாங்குங்கள். நீட்டி எழுத வேண்டாம். கோபம், கண்ணீர், வீட்டுக் கனவு எதுவும் அதில் வர வேண்டாம், இப்படி இருந்தால் போதும்:

'எனது தனிநபர் கடன் கணக்கு (எண் இது) 2023 நவம்பரில் இந்தத் தேதியில் முழுமையாகச் செலுத்தி முடிக்கப்பட்டது. தாங்கள் அளித்த என்.ஓ.சி. நகலும் பணம் செலுத்திய வங்கி ஸ்டேட்மென்ட் பக்கமும் இணைப்பில் உள்ளன. ஆனால் எனது கிரெடிட் ரிப்போர்ட்டில் (கண்ட்ரோல் எண் இது, தேதி இது) அந்தக் கணக்கு நடப்பில் உள்ளதாகவும், பாக்கி 186 ரூபாய் எனவும், 2023 டிசம்பர் முதல் தவணை தவறியதாகவும் உள்ளது. கணக்கின் நிலை, பாக்கி, மாதவாரிப் பதிவுகள் ஆகிய மூன்றையும் திருத்தி நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்கக் கோருகிறேன். 30 நாளுக்கு மேல் தாமதமானால் ரிசர்வ் வங்கி விதிப்படியான இழப்பீட்டை இந்தக் கணக்கில் வரவு வைக்கவும்.'

அந்தக் கண்ட்ரோல் எண் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் மேலே இருக்கும். ஒவ்வொரு முறை ரிப்போர்ட் எடுக்கும்போதும் அது மாறும், ஆகவே புதிதாக எடுத்த ரிப்போர்ட்டின் எண்ணையே போடுங்கள். வீட்டுக் கடன் மறுத்த வங்கியின் கையில் இருந்த ரிப்போர்ட்டை வைத்து வாதாட வேண்டாம்.

'நான்கு நிறுவனங்கள்' என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நாம் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு இருக்கின்றன, வங்கிகள் நான்குக்கும் தகவல் தருகின்றன. ஒன்றில் சரியாகி இன்னொன்றில் அப்படியே கிடப்பது சாதாரணம். நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாக எடுக்கலாம். அவர்களுடைய தளத்தில் கட்டணத் திட்டத்தை முன்னால் காட்டி இலவசத்தை ஒரு மூலையில் வைத்திருப்பார்கள், கொஞ்சம் பொறுமையாகத் தேடுங்கள், இருக்கிறது.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, இணையத்தில் பதிவு செய்யலாம், சந்தேகத்துக்கு 14448 என்ற எண். 2022 செப்டம்பர் 1 முதல் கிரெடிட் நிறுவனங்களும் ஆம்புட்ஸ்மன் திட்டத்துக்குள் வந்துவிட்டன, அதனால் வங்கி, கிரெடிட் நிறுவனம் இரண்டின் மீதும் அங்கே புகார் கொடுக்க முடியும். முதலில் அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருந்தீர்கள், அல்லது சரியில்லாத பதில் வந்தது என்பதை மட்டும் காட்ட வேண்டும். அந்த மின்னஞ்சலின் மதிப்பு அப்போதுதான் உங்களுக்குப் புரியும்.

புகார் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கின் பக்கத்தில் 'தகராறில் உள்ளது' என்று ஒரு குறிப்பு வரும். அது உங்களுக்கு எதிரானது இல்லை. ஆனால் அந்தச் சமயத்தில் வேறு வேறு வங்கிகளில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாக (என்கொயரி) ரிப்போர்ட்டில் பதிவாகி உங்கள் ஸ்கோரை, அதாவது கடன் மதிப்பெண்ணை, கீழே இழுக்கும். இரண்டு மாதம் பொறுங்கள்.

கேள்வி: நான் வாங்காத கடன் ஒன்று என் பான் எண்ணில் இருக்கிறது. ஏதோ ஒரு கடன் செயலியில் 6,000 ரூபாயாம். வசூல் செய்பவர் தினமும் போன் செய்து, '1,800 கட்டுங்க மேடம், செட்டில் பண்ணி குளோஸ் பண்ணித் தர்றோம்' என்கிறார். அலுவலகத்தில் எல்லோர் முன்பும் போன் வருகிறது, அவமானமாக இருக்கிறது. கட்டிவிடலாம் என்று தோன்றுகிறது.

பதில்: அம்மா, உங்கள் நிலை புரிகிறது, ஆனால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கட்டிய அடுத்த நொடி அது உங்கள் கடன். அதிலும் 'செட்டில்' என்பது மோசமான சொல். ரிப்போர்ட்டில் அது முழுதாக முடிந்த கடனாக வராது, கட்ட முடியாமல் பேரம் பேசி முடித்துக்கொண்டார் என்று வரும், அடுத்து கடன் தருபவர் ஒவ்வொருவரும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் வாங்காத கடனுக்கு, காசும் கொடுத்து, கெட்ட பெயரும் வாங்கிக்கொள்வதா?

ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கின் கீழ் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். செயலியின் பெயர் ஒன்றாக இருக்கும், பணம் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும், நீங்கள் எழுத வேண்டியது பணம் கொடுத்த நிறுவனத்துக்கு. அவர்களிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள்: கையெழுத்திட்ட அல்லது ஓ.டி.பி. மூலம் ஒப்புக்கொண்ட கடன் ஒப்பந்தம், கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், விண்ணப்பத்தில் இருந்த கைபேசி எண், பணம் எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்ற விவரம். கடைசிக் கேள்விதான் முக்கியம். உங்கள் கணக்குக்கு வராத பணத்துக்கு அவர்களால் பதில் சொல்ல முடியாது. அந்தத் தேதியை ஒட்டிய உங்கள் வங்கி ஸ்டேட்மென்டையும் இணைத்துவிடுங்கள்.

அதோடு தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள், 1930-இலும் அழைக்கலாம். அந்த ஒப்புகை நகலோடு கிரெடிட் நிறுவனத்தில் 'இந்தக் கணக்கு என்னுடையது அல்ல' என்ற பிரிவில் டிஸ்ப்யூட் (ரிப்போர்ட்டில் இருப்பதை மறுக்கும் புகார்) போடுங்கள். தொகை தப்பு என்ற பிரிவில் போட்டால், கடன் உங்களுடையதுதான், எவ்வளவு என்பதில்தான் பிரச்சினை என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த இடத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

போன் செய்பவரிடம் பேச வேண்டிய ஒரே வாக்கியம்: 'எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், எண் இது, இனி எழுத்தில் பேசுங்கள்.' அவ்வளவுதான், வைத்துவிடுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மிரட்டினால், அந்த அழைப்பின் தேதியையும் நேரத்தையும் குறித்து வைத்து அதையும் புகாரில் சேருங்கள். உங்கள் அலுவலகத்தில் நம்பிக்கையான ஒருவரிடம் நடந்ததை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் நல்லது. திருடு கொடுத்தவர் நீங்கள், தலைகுனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. என் ரிப்போர்ட்டில் டிராக்டர் கடன் ஒன்று இருக்கிறது! ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார் யாரோ. கெடுதல் இல்லைதானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். இன்று ஒழுங்காகக் கட்டுபவர் நாளை கட்டாமல் போகலாம். அது மட்டும் இல்லை, அந்தத் தவணையும் உங்கள் தலையில் இருப்பதாகக் கணக்கிட்டு உங்களுக்குத் தரக்கூடிய கடன் தொகையைக் குறைப்பார்கள்.

இது பெரும்பாலும் நம் இனிஷியலால் வரும் குழப்பம். ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும், பானில் அதே இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், வங்கிப் படிவத்திலோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும், அதில் யார் எதை நிரப்பினார்களோ அதுதான் உங்கள் பெயர். திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியவர்களுக்கு இன்னும் ஒரு சுற்று. ஒரே பெயர், ஒரே இனிஷியல், அதோடு பிறந்த தேதியும் ஒத்துப்போய்விட்டால் இரண்டு பேரின் கடன்களும் ஒரே ரிப்போர்ட்டில் வந்து விழும். ரிப்போர்ட்டின் ஆரம்பத்தில் தனிப்பட்ட விவரங்கள் இருக்கும் பக்கத்தில் பான், முகவரிகள், கைபேசி எண்கள் எல்லாம் வரிசையாக இருக்கும், அதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாத முகவரி ஒன்றோ எண் ஒன்றோ இருந்தால் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. அந்த விவரத்தையும் டிராக்டர் கடன் கணக்கையும் இரண்டையும் சேர்த்து நீக்கச் சொல்லுங்கள், கடனை மட்டும் நீக்கினால் தப்பான முகவரி உள்ளே இருந்துகொண்டு அடுத்த கடனையும் இழுத்து வந்துவிடும்.

கேள்வி: கேட்காமலே அனுப்பிய கிரெடிட் கார்டை நான் ஒரு நாளும் ஆக்டிவேட் செய்யவில்லை. வருடக் கட்டணம் 590 ரூபாய் பாக்கி என்று ரிப்போர்ட்டில் ஏறியிருக்கிறது.

பதில்: உங்கள் பக்கம் விதி தெளிவாக இருக்கிறது. ஆக்டிவேட் செய்யாத கார்டைப் பற்றிக் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தகவலே தரக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கார்டு விதிகளில் இருக்கிறது. கேட்காத கார்டை அனுப்பவும் கூடாது. இரண்டையும் குறிப்பிட்டு, கட்டணத்தை ரத்து செய்து, பதிவை நீக்கச் சொல்லி எழுதுங்கள், கூடவே கார்டை மூடவும் கோருங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கோரினால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய். இதையும் எழுத்தில் கேளுங்கள், வாடிக்கையாளர் சேவையில் சலுகை சொல்லிப் பேச்சை மாற்றுவார்கள்.

கேள்வி: கொரோனா சமயத்தில் வேலை போய், கார்டு பாக்கி 84,000-த்தை 30,000 கட்டி செட்டில் செய்தேன். அது ரிப்போர்ட்டில் 'செட்டில்ட்' என்று இருக்கிறது. 15,000 கொடுத்தால் ஒரு மாதத்தில் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் காலத்தில் நீங்கள் பட்ட கஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, ஆனால் ரிப்போர்ட்டில் இருப்பது தப்பு இல்லை, நடந்ததுதான். நடந்ததை அழிக்க வங்கிக்கு வெளியே இருக்கும் எந்த ஆளாலும் முடியாது. அவர் செய்யப்போவது என்னவென்றால், உங்கள் பெயரில் லாகின் செய்து டிஸ்ப்யூட் மேல் டிஸ்ப்யூட் போடுவார், நீங்களே காசில்லாமல் செய்யக்கூடியது அது. வங்கி 'தகவல் சரியானதே' என்று பதில் அனுப்பும், பதினைந்தாயிரம் போய்விடும். உங்கள் பான், ஆதார், ஓ.டி.பி. எல்லாம் அவர் கையில் இருக்கும் என்பது எனக்கு இன்னும் பெரிய கவலை. மேலே இரண்டாவது கேள்வியில் வாங்காத கடனோடு ஒரு அம்மா அல்லாடுகிறார் பாருங்கள், இப்படிக் கொடுத்த விவரங்களாலும் அது நடக்கும்.

அந்த 15,000-ஐ வங்கிக்கே கொடுப்பது பற்றி யோசியுங்கள். விட்டுக்கொடுத்த மீதித் தொகையைக் கட்டினால் கணக்கை 'மூடப்பட்டது' என்று மாற்றித் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகு கட்டலாம். வட்டி, அபராதத்தைத் தள்ளி அசலை மட்டும் கேட்டுப் பாருங்கள், பழைய கணக்குகளில் வங்கிகள் இறங்கி வருவதுண்டு. முடியாவிட்டால், சின்னதாக ஒரு வைப்புத் தொகை போட்டு அதன் மேல் கார்டு வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையும் கட்டிக்கொண்டு வாருங்கள். புதிய நல்ல மாதங்கள் சேரச் சேரப் பழையதன் கனம் குறையும். மெதுவாகத்தான் குறையும், அதை மறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் கட்டவில்லை, என் ஸ்கோர் இறங்கிவிட்டது. என் பெயரை எடுக்கச் சொல்லி டிஸ்ப்யூட் போடலாமா?

பதில்: போடலாம், நிற்காது. ஜாமீன்தாரர் என்று நீங்கள் கையெழுத்திட்டது உண்மை, ரிப்போர்ட்டிலும் கணக்கின் உரிமை என்ற இடத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும். 'தனிநபர்' என்றோ 'கூட்டுக் கடன்' என்றோ தப்பாக ஏறியிருந்தால் அதை மட்டும் திருத்தச் சொல்லலாம். மற்றபடி மச்சானை உட்கார வைத்துப் பேசி, தவணையை நேர் செய்ய வைப்பதுதான் வழி, முடிந்தால் வங்கி ஏற்கும் வேறொரு ஜாமீன்தாரரை மாற்றித் தர அவரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நம் ரிப்போர்ட்டை நாமே அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் குறையுமா?

பதில்: குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து வங்கி பார்த்தால்தான் அது விசாரணையாகக் கணக்கில் வரும். யார் பார்த்தாலும் உங்களுக்கு எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சல் வர வேண்டும், அதற்கு உங்கள் இப்போதைய எண் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். நீங்கள் விண்ணப்பிக்காமல் அப்படி ஒரு செய்தி வந்தால் அன்றைக்கே ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்.